பலகைச் சூடு

இதையெல்லாம் நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. அது பங்குனியா, சித்திரை பிறந்துவிட்டதா என்று தெரியவில்லை. வேனின் நிறம் மஞ்சள் என்று நினைக்கிறேன். பழைய பள்ளிக்கூட வேன் என்று கேட்டதால் என் மனம் தானாக மஞ்சள் பூசிக்கொண்டிருக்கலாம். மஸ்தான் பாய் இதைச் சொல்லும்போது நடுநடுவே நெடுநேரம் பேசாமல் இருந்துவிடுவார். அந்த இடைவெளிகளில் நானாக நிரப்பிக்கொண்டது எது, அவர் சொன்னது எது என்று இப்போது பிரித்தெடுக்க முடியவில்லை. ஆனால் அந்தப் பலகையைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதில் மட்டும் சந்தேகமில்லை.

கோவில்பட்டியில் மஸ்தானுக்குத் தொழில் கடலை மிட்டாய் விற்பது. கடை என்று ஒன்று கிடையாது. கழுகுமலையில் தேர் என்றால் கழுகுமலை, பொட்டல்புதூர் தர்காவில் கந்தூரி என்றால் பொட்டல்புதூர். கூட்டம் கூடும் இடத்தில் வேனை நிறுத்திப் பின்கதவைத் திறந்து மிட்டாயை அடுக்குவார். போகிற வழியில் பெட்டிக்கடைகளுக்குப் போட்டுவிட்டுப் போகத் தீப்பெட்டிப் பண்டல்களும் வேனில் இருக்கும்.

அவர் மனைவி பதருன்னிசா, பாவாடை கட்டிய வயதிலேயே தீப்பெட்டி ஆபீசுக்கு, அதாவது தொழிற்சாலைக்கு, வேலைக்குப் போனவர். தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்கினார், பெட்டி ஒட்டினார், கல்யாணமான பிறகும் போனார், மகள் ஆஷிகா பிறந்த பிறகும் போனார். ஐம்பதைத் தாண்டியதும் மாடிப்படி ஏற முடியவில்லை. பிறகு சமையலறைக்கு நடக்க முடியவில்லை. நுரையீரல் சுருங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னார். எதனால் என்று அவர் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மிஷின் ஒன்று வீட்டுக்கு வந்தது. அதிலிருந்து நீளும் குழாய் பதருன்னிசாவின் மூக்குக்கு வந்தது. குழாய் எட்டுகிற தூரம்தான் அதன் பிறகு அவருக்கு ஊர்.

ஒரு நாள் மஸ்தான் திருவிழாவுக்குக் கிளம்பும்போது அவர், "நீங்க போற எடத்துக்கு நானும் வந்தா என்ன? மிஷினுக்குக் கரண்டுதான வேணும்?" என்று கேட்டார். மஸ்தான் திரும்பி வந்ததும் வேனின் இருக்கைகளைக் கழற்றினார். ஒட்டுப்பலகை வாங்கி நீளமாக ஒரு பெட்டி அடித்தார். பெட்டிக்குள் சரக்கு, பெட்டிமேல் மெத்தை, அதுதான் கட்டில். முன்பக்கம் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இன்வெர்ட்டர், அதன் அருகில் இரண்டு பேட்டரிகள், கூரையில் ஒரு சோலார் தகடு. ஓடும்போது என்ஜினும் பேட்டரியை நிரப்பும். பதருன்னிசா அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு முதன்முறையாகக் கழுகுமலைத் தேரைப் பார்த்தார். அன்று அவர் ரொம்பப் பேசினாராம்.

ஒரு வருஷம் நன்றாகப் போயிற்று. பேட்டரிகள் அவர் தலைமாட்டில் இருந்தது மஸ்தானுக்குப் பிடிக்கவில்லை. ஒரு கந்தூரிக்கு முந்தைய நாள் அவசர அவசரமாக அவற்றைப் பின்கதவுப் பக்கம் நகர்த்தி வைத்தார். வயர் எட்டவில்லை. வீட்டில் கிடந்த வயரில் ஒரு துண்டை எடுத்து, இரண்டு முனைகளையும் போல்ட்டும் நட்டும் போட்டு முடுக்கி, மேலே டேப்பை வரிந்து சுற்றி, கட்டில் பெட்டிக்குள்ளேயே கொண்டுபோனார். பார்க்க நேர்த்தியாகத்தான் இருந்தது. அதன்மேல் சரக்கை அடுக்கினார். அடுக்கியதும் அதை மறந்துபோனார்.

சில மாதங்களில் இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்தது. சும்மா இருக்கும்போது அதன் முகப்பில் பன்னிரண்டரை வோல்ட் காட்டும். ஆக்ஸிஜன் மிஷினைப் போட்டதும் எண் படியிறங்குவதுபோல இறங்கும். பதினொன்று, பத்தரை, பிறகு பீப் பீப் என்று கத்திவிட்டு நின்றுவிடும். மிஷின் நின்றதும் அதுவும் தன் பங்குக்குக் கத்தும். அவசரத்துக்கு வைத்திருந்த சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டரை மஸ்தான் திறந்து குழாயை மாற்றுவார். அது ரொம்ப நேரம் தாங்காது. வண்டியை வீட்டுக்குத் திருப்ப வேண்டியதுதான்.

எட்டயபுரம் ரோட்டில் பேட்டரி கடை வைத்திருக்கும் யோகராஜ், மஸ்தானுக்கு நெடுநாள் பழக்கம். மஸ்தானைவிட இளையவர், எதற்கும் ஒரு சிரிப்புப் பேச்சு வைத்திருப்பவர். பேட்டரிகளைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய், தண்ணீர் பார்த்து, சார்ஜ் ஏற்றி, சுமை கொடுத்துச் சோதித்தார். நன்றாகவே இருந்தன. வேனில் மாட்டினால் மறுபடியும் அதே கதை.

"பாய், ஒங்க பேட்டரி எங்க மாமனார் மாதிரி இருக்கு. சும்மா இருக்கும்போது மீசைய முறுக்குதாரு. வேலன்னு ஒண்ணு சொன்னா படுத்துக்கிடுதாரு" என்றார் யோகராஜ்.

இன்வெர்ட்டர் விற்றவரிடம் கேட்டால் பேட்டரிதான் கோளாறு என்றார். யோகராஜைக் கேட்டால் இன்வெர்ட்டர் என்றார். கடைசியில் மஸ்தான் பெரிய இன்வெர்ட்டராக ஒன்று வாங்கினார். எந்த வோல்ட்டில் கத்த வேண்டும், எதில் நிற்க வேண்டும் என்று அதில் நாமே குறைத்து வைத்துக்கொள்ளலாம். குறைக்க முடிந்த மட்டும் குறைத்து வைத்தார். கத்தல் நின்றது. மிஷின் ஓடியது. மஸ்தானுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் பின்னாளில் அவர் பேச்சு பாதியில் நின்றுபோகும்.

பதருன்னிசா வாடை அடிக்கிறது என்று முதலில் சொன்னது அப்போதுதான். பொட்டல்புதூரிலிருந்து வரும் வழியில், கட்டிலில் படுத்தபடி, "ஏதோ கருகுற வாடை வருது" என்றார். மஸ்தான் வண்டியை நிறுத்தாமலே சிரித்தார்.

"ஒன் மூக்குக்குள்ள ஒரு தீப்பெட்டி ஆபீசு இருக்கு பதுரு. அவன் லீவே விட மாட்டான்."

இது அந்த வீட்டின் பழைய கேலி. தீப்பெட்டி ஆபீசுக்குப் போன பெண்களின் சேலையிலும் தலைமுடியிலும் அந்த வாடை ஏறிவிடும். எத்தனை முறை குளித்தாலும் போகாது. வேலையை விட்டு இத்தனை காலமான பிறகும் பதருன்னிசாவுக்குச் சில நாள் மூக்கில் அது வரும். ஒருமுறை பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி அடுப்பைப் பார்க்கச் சொல்லி, அங்கே ஒன்றுமில்லாமல் போய், தெருவே சிரித்தது. அதோடு கட்டில் பெட்டிக்குள் இருப்பது தீப்பெட்டிப் பண்டல்கள். வாடைக்குக் காரணம் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. வேறு ஊராக இருந்தால் கருகல் வாடை என்றதும் யாராவது ஒருவர் குனிந்து பார்த்திருப்பார். கோவில்பட்டியில் அது காற்றோடு இருப்பது.

இரண்டாவது தடவையும் சொன்னார். பிறகு சொல்லவில்லை.

இந்த நேரத்தில் ஈரோட்டில் கட்டிக்கொடுத்த ஆஷிகாவுக்கு மாதம் நெருங்கியிருந்தது. தலைப்பிரசவம், தாய் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். ஆனால் ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, அசையக் கூடாது என்று அங்கே டாக்டர் படுக்க வைத்துவிட்டார். மகள் வர முடியாது என்றால் தாய்தான் போக வேண்டும். அத்தனை மணி நேரம் மிஷின் இல்லாமல் பதருன்னிசாவால் ரயிலிலும் போக முடியாது, காரிலும் போக முடியாது. வேன் ஒன்றுதான் வழி. அந்தச் சமயம் பார்த்து புது இன்வெர்ட்டரும் கத்த ஆரம்பித்தது. குறைத்து வைத்த வோல்ட்டுக்கும் கீழே எண் போய்க்கொண்டிருந்தது.

"நீங்க மட்டும் போனா போதும்னு சொல்லிராதீங்க" என்றார் பதருன்னிசா. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஓட்டிப் பார்த்துவிடுவோம் என்று ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்ததும், மூன்று பேரும் கயத்தாறு வரை போனார்கள். மஸ்தான் ஓட்டினார். யோகராஜ் மீட்டரோடு பின்னால் பேட்டரிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பதருன்னிசா வழக்கம்போலக் கட்டிலில். மிஷின் வழி நெடுக ஓடியது. கயத்தாறில் லாரிகள் நிற்கும் பொட்டலில், ஒரு சீமைக்கருவேல மரத்தின் அரைகுறை நிழலில் வேனை நிறுத்தி என்ஜினை அணைத்தார்கள். இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. தூரத்தில் காற்றாலைகள் ஒன்றுகூடச் சுற்றவில்லை. வேனுக்குள் தொட்ட இடமெல்லாம் சுட்டது.

மஸ்தான் இன்வெர்ட்டர் முகப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ஜின் நின்றதும் எண் விழுந்தது. பத்தரை. பத்தேகால்.

"ஏலே யோகராசு, அங்கன என்ன காட்டுது?"

"பன்னெண்டு முக்கா, பாய். மலை மாதிரி நிக்கி."

"இங்க பத்தேகால்."

"அப்போ ஒங்க இன்வெர்ட்டர் பொய் சொல்லுது."

மஸ்தான் மீட்டரை வாங்கி இன்வெர்ட்டரின் பின்னால் வயர் நுழையும் இடத்தில் தானே வைத்துப் பார்த்தார். பத்தேகால்தான். முகப்பு பொய் சொல்லவில்லை. பேட்டரியும் பொய் சொல்லவில்லை. இத்தனை நாளும் இரண்டு பேரும் இந்த முனையையும் அந்த முனையையும்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மிஷின் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"அப்போ ரெண்டரை வோல்ட்டு எங்க போவுது?" என்று மஸ்தான் மெல்லக் கேட்டார். யாரிடமும் கேட்டதுபோல இல்லை.

"நடுவுலதான் போவணும். போறது சும்மா போவாது, சூடாத்தான் போவும்" என்றார் யோகராஜ். சொல்லி முடிப்பதற்குள் அவருடைய முகம் மாறியது.

பதருன்னிசா மெல்ல எழுந்து உட்கார்ந்தார். மெத்தையின் ஓரத்தைப் புரட்டி, ஒட்டுப்பலகையில் ஓர் இடத்தில் உள்ளங்கையை வைத்தார். தான் படுத்தால் இடுப்பு வருகிற இடம்.

"இங்கன கைய வைங்க" என்றார்.

மஸ்தான் வைத்தார். வைத்த கையை உடனே எடுத்தார்.

வெயில் சூடு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அன்று வேன் முழுவதும் அந்தச் சூடுதான். இது வேறு. இது ஒரு கை அகலத்துக்கு மட்டும், அடியிலிருந்து வந்தது.

அவர் எட்டி இன்வெர்ட்டரை அணைத்தார். யோகராஜ் சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்றினார். இரண்டு பேரும் பதருன்னிசாவைக் கைத்தாங்கலாக இறக்கி, மரத்தடியில் ஒரு மிட்டாய்ப் பெட்டியின்மேல் உட்கார வைத்தார்கள். பிறகு மெத்தையை எடுத்தார்கள். பலகையைத் தூக்கினார்கள்.

முதலில் தெரிந்தது ஓர் அட்டைப்பெட்டி. அதன் ஒரு பக்கம் தோசைபோலச் சிவந்திருந்தது. சிவப்பு நடுவில் போகப் போகக் கருத்து, ஓரிடத்தில் அட்டையே பொரிந்து உதிர்ந்திருந்தது. உதிர்ந்த ஓட்டை வழியாகத் தீப்பெட்டிப் பண்டலைச் சுற்றிய நீலத்தாள் தெரிந்தது. தாளும் பழுப்பேறியிருந்தது. அதற்கு விரல் அகலத்துக்கு அப்பால், மஸ்தான் போல்ட் முடுக்கி டேப் சுற்றிய அந்த வயர் முடிச்சு. டேப் உருகி வழிந்து இறுகிப்போயிருந்தது. போல்ட் நீலமும் ஊதாவுமாக நிறம் மாறியிருந்தது. நட்டு ஆடியது. ரோட்டில் குலுங்கிக் குலுங்கிக் கழன்றிருக்கிறது. மேலே, தூக்கிப் பிடித்திருந்த பலகையின் அடிப்பக்கத்தில், ஓர் உள்ளங்கை அளவு கரி. யோகராஜ் விரலால் தொட்டார். விரல் உள்ளே போயிற்று.

யோகராஜ் பலகையைப் போட்டுவிட்டு வேனிலிருந்து குதித்து ஓடினார். லாரிகள் நிற்கும் இடம் வரை ஓடினார். அங்கே நின்று திரும்பிப் பார்த்து, வெட்கப்பட்டு, மறுபடி ஓடி வந்து பேட்டரி வயரைக் கழற்றி எறிந்தார். பிறகு பண்டல்களை ஒவ்வொன்றாக எடுத்து, பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டுபோய்க் கரிசலில் தள்ளித் தள்ளி வைத்தார்.

மஸ்தான் ஓடவில்லை. தீப்பெட்டி, அதன்மேல் கரிந்த பலகை, பலகைமேல் பஞ்சு மெத்தை, மெத்தைமேல் மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு பதருன்னிசா. இவற்றைக் கீழிருந்து மேலாக ஒருமுறை நினைத்தார். மறுபடி நினைத்தார். வேறு எதையும் நினைக்க முடியவில்லை. எத்தனை ஊர், எத்தனை ராத்திரி. மனைவிக்குப் பக்கத்தில்தான், டிரைவர் சீட்டைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு, இன்வெர்ட்டர் கத்தவில்லையே என்று நிம்மதியாகக் குறட்டை விட்டுத் தூங்கியிருக்கிறார்.

கரிந்த இடத்தைச் சுற்றிப் பலகையில் ஒரு துண்டை உடைத்து எடுத்துக்கொண்டு மரத்தடிக்கு வந்தார். பதருன்னிசா அதை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். குழாயைச் சற்றே ஒதுக்கி மோந்து பார்த்தார். நெடுநேரம் வைத்திருந்தார்.

"இதுதான்" என்றார்.

ஒரு லாரி கிளம்பிப் போயிற்று. அதன் புழுதி மரத்தடி வரை வந்து அடங்கியது.

"பெறவு ஏன் நீ சொல்லல?" என்று கேட்டார் மஸ்தான். கேட்ட பிறகுதான், அது தான் கேட்கக்கூடிய கேள்வி இல்லை என்று அவருக்கு உறைத்தது.

பதருன்னிசாவின் குரலில் கோபம் இல்லை. மூச்சு வாங்கி வாங்கித்தான் சொன்னார். "சொன்னேன், நீங்க சிரிச்சீங்க. ஆஷிகாட்ட போன்ல சொன்னேன், அவளும் சிரிச்சா. அதுக்குப் பெறவு வாடை வந்தா, இது வாடை இல்ல, நம்ம மூக்குத்தான்னு எனக்கே ஆயிட்டு."

கொஞ்சம் பொறுத்து, துண்டைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே சொன்னார்: "அந்தச் சூடு இடுப்பு வலிக்கு எதமா இருந்துச்சுங்க. வண்டியில ஏறுனா இடுப்பு வலி தெரியலன்னு, அந்த எடமாப் பாத்து நவுந்து நவுந்து படுப்பேன்."

அதைக் கேட்டதும்தான் மஸ்தான் உட்கார்ந்தார். புழுதியில், அப்படியே.

அன்று மிஷின் இல்லாமல், சிலிண்டரில் மிச்சமிருந்ததை வைத்துக்கொண்டு வீடு திரும்பினார்கள். பண்டல்களை யோகராஜ் வேனில் ஏற்ற விடவில்லை. லாரி ஸ்டாப் பெட்டிக்கடைக்காரரிடம் சும்மாவே கொடுத்துவிட்டார்கள். அந்தக் கடைக்காரர் இவர்களுக்குக் கிறுக்குப் பிடித்திருக்கிறது என்று நினைத்தாராம்.

மறுநாள் காலையிலேயே மஸ்தான், ஈரோட்டுக்குத் தான் மட்டும் போய்வருவதாகச் சொன்னார். பதருன்னிசா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"பேறுகாலத்துக்கு நீங்க போயி என்ன பாப்பீங்க? ஆஸ்பத்திரி வாசல்ல மிட்டாய் விப்பீங்களா?"

"எனக்கு அந்த வேன்ல ஒன்ன ஏத்தப் பயமா இருக்கு."

"எனக்குந்தான் இருக்கு" என்றார் பதருன்னிசா. "வயர மாத்துங்க."

யோகராஜ் இந்த முறை சிரிப்புப் பேச்சு எதுவும் பேசவில்லை. பேட்டரிகளை இன்வெர்ட்டரை ஒட்டியே வைத்தார். இடையில் கை நீளத்துக்கு மட்டும் கட்டைவிரல் தடிமன் வயர், ஒட்டு எதுவும் கிடையாது. முனைகளை அழுத்தி இறுக்கிக் கொடுத்தார். நடுவில் ஒரு ஃபியூஸ். மிஷினை ஓடவிட்டு, பேட்டரியில் மீட்டர் வைத்தார், இன்வெர்ட்டரில் வைத்தார். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒட்டி நின்றன. மஸ்தான் மீட்டரைப் பார்க்கவில்லை. வயர் நெடுகக் கையை வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். கட்டில் பெட்டியின் பக்கப்பலகைகளைக் கழற்றி எறிந்தார். படுத்தால் அடியில் என்ன இருக்கிறது என்று நின்ற இடத்திலிருந்தே தெரிய வேண்டும் என்றார்.

விடிந்ததும் கிளம்பினார்கள். சாத்தூரில் நிறுத்தி மஸ்தான் பின்னால் வந்தார். "வாடை இருக்கா?" என்று கேட்டார். பதருன்னிசா கண்ணை மூடி மூச்சை இழுத்துப் பார்த்து, இல்லை என்றார். திருமங்கலத்தில் கேட்டார். திண்டுக்கல்லில் கேட்டார். ஒவ்வொரு தடவையும் அவர் அவசரப்படாமல், பரீட்சை எழுதுவதுபோல மோந்து பார்த்துத்தான் பதில் சொன்னார்.

வேடசந்தூர் தாண்டியதும் மஸ்தான் கேட்காமலே பதருன்னிசா சொன்னார்.

"இருக்கு."

மஸ்தான் வண்டியை ஓரம் கட்டினார். இன்வெர்ட்டரை அணைத்தார், குழாயைச் சிலிண்டருக்கு மாற்றினார், மனைவியை இறக்கினார். மெத்தையை இறக்கினார், துணிமூட்டையை இறக்கினார், மகளுக்குக் கொண்டுபோன பலகாரத் தூக்குகளை இறக்கினார். வயரைத் தொட்டார், பேட்டரியைத் தொட்டார், மிஷினின் அடிவயிற்றைத் தொட்டார். எங்கும் சூடில்லை. நெடுஞ்சாலையில் போகிறவர்கள், வீடு காலி செய்கிறார்களோ என்று பார்த்துக்கொண்டு போனார்கள். கடைசியில் நிமிர்ந்து பார்த்தபோது, சற்றுத் தள்ளி ஒரு பெண் தள்ளுவண்டியில் கரி அடுப்பு மூட்டிச் சோளக்கதிர் வாட்டிக்கொண்டிருந்தார். கதிர் ஒன்று தீய்ந்து புகைந்துகொண்டிருந்தது.

பதருன்னிசா அதைப் பார்த்தார். கணவர் முகத்தையும் பார்த்தார்.

மஸ்தான் சிரிக்கவில்லை. இரண்டு கதிர் வாங்கி வந்து ஒன்றை அவர் கையில் கொடுத்தார். பிறகு இறக்கியதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப ஏற்றினார்.

ஆஷிகாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இக்ரா என்று பெயர் வைத்தார்கள். பிரசவத்தின் நாற்பது நாள் கழியும் வரை பதருன்னிசா மகள் வீட்டிலேயே இருந்தார், பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு. அதன் பிறகு அவர் அதிகமாகப் பயணம் போகவில்லை. அடுத்த ஆண்டு ஐப்பசி மழையில், தன் வீட்டில், மூச்சு முட்டி இறந்துபோனார். மிஷின் அப்போது ஓடிக்கொண்டுதான் இருந்தது. மஸ்தான் வேனை விற்கவில்லை. திருவிழாக்களுக்குப் போகிறார், மிட்டாய் விற்கிறார், தீப்பெட்டி ஏற்றுவதில்லை. யோகராஜின் கடை அதே இடத்தில்தான் இருக்கிறது. அந்தப் பலகைத் துண்டு மஸ்தான் வீட்டில், மிஷின் இருந்த மூலையில் இருக்கிறது. நான் எடுத்து மோந்து பார்த்தேன். எனக்கு எந்த வாடையும் தெரியவில்லை.